ரோலர் மிசினுக்காக விட்ட தட்டு

இந்தப் பக்கம் குடித்து முடித்துவிட்டாள். அடுத்த பக்கம் மாற்ற வேண்டும். மாற்றினால் சிணுங்குவாள், சிணுங்கினால் இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பச்சையக்கா ரேடியோவை அணைத்துவிட்டு வந்து ஆராரோ ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் பாட்டாவது ஒன்றாவது. இரு கண்ணு, ஒன்றுமில்லாததைச் சப்பிக்கொண்டு அம்மாவுக்காக ஒரு அஞ்சு நிமிஷம் ஏமாந்து இரு. செய்தி வாசிக்கிறவர் ஏதோ ஒரு அமைச்சர் எங்கேயோ பாலம் திறந்ததையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்தப் பாலத்தைச் சீக்கிரம் திறந்துவிட்டுப் போனால்தான் என்ன. இந்தப் பிள்ளைக் கொட்டகையில் பன்னிரண்டு சீலைத் தொட்டில் தொங்குகிறது, பதினொன்றில் பிள்ளைகள் தூங்குகின்றன, பன்னிரண்டாவது என் வனஜாவுடையது, காலியாக லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் இருந்து முந்நூற்றுச் சொச்சம் ரப்பர் மரம் வெட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறேன், கையெல்லாம் ரப்பர்ப் பால் வாசம், மாரில் என் பால் வாசம், இரண்டும் சேர்ந்து புளித்து இப்போது அதுதான் என்னுடைய வாசம் என்று ஆகிவிட்டது. மரத்துப் பால் கோப்பைகளில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். பத்தரைக்கு எங்கள் மேஸ்திரி, மண்டோர், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிப்பார், அடித்ததும் அவர் கண்ணுக்கு நான் வாளியோடு என் மர நிரையில் நிற்கவேண்டும். மழை வேறு கறுக்கிறது. மழை வந்தால் பத்தரை என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள், கோப்பையில் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டது, உடனே அடித்துவிடுவார்கள். மழையே, நீயும் கொஞ்சம் ஏமாந்து இரு. "ஏண்டி பவளம், காலை ஏண்டி ஆட்டறே? உள்ள போற பாலு பிள்ளை வயித்துல தயிராயிடும்டி." பச்சையக்கா கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள். "ஆட்டலைக்கா." "ஆட்டலையாம். கால் மட்டும் தனியா வேலைக்குப் போவுது பாரு." குனிந்து பார்க்கிறேன். வலது கால், குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் சிமிட்டித் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது. நான் சொல்லவில்லை. அதுவாகவே மிதிக்கிறது.

கால் ஆடுகிறது என்றால் அதற்கான காரணம் என் ரவிக்கைக்குள் மடித்துச் சொருகியிருக்கிறது, வனஜாவின் கன்னத்துக்கும் எனக்கும் நடுவில், வியர்வையில் நனைந்துபோய். ஸ்டெல்லாவின் கடிதம். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸரின் மூத்த மகள் ஸ்டெல்லா, இப்போது ஈப்போவில் டைப் அடிக்கிற வேலை. படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். 'பவளா, நம்ம பாட்டை கிராமபோன் பிளேட்டாப் போட்டுட்டாங்களாம்டி. வியாழக்கிழமை காலையில பத்து மணி செய்தி முடிஞ்சதும் புதுப் பாட்டுன்னு ரேடியோவுல வைக்கிறாங்க. நான் பிளேட்டைக் கண்ணால பாக்கல. நாம நாலு பேரும் வாசிச்சதைப் போட்டாங்களா, இல்ல அந்தக் கம்பெனிப் பையன்க வாசிச்சதைப் போட்டாங்களான்னு எனக்கும் தெரியாது. ரெண்டுலயும் பாடினது நான்தான், அதனால என் குரலை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. நீ கேட்டா உனக்குத் தெரிஞ்சிடும். சனிக்கிழமை ஒத்திகை. ஈப்போ டேலன்டைம் பாட்டுப் போட்டிக்குப் பேர் குடுத்தாச்சு. நீ வரலேன்னா டிரம்முக்கு ஒரு பையனை வச்சுக்கன்னு அப்பா சொல்றார். பையனை வச்சா நாம எதுக்குடி ரிப்பனெட்ஸ்?' அவ்வளவுதான் கடிதம். வரமுடியுமா என்று கேட்கவில்லை பாருங்கள், கேட்டிருந்தால் முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். மூன்று நாளாக நான் எனக்குள்ளேயே ஒரு ஒப்பந்தம் போட்டுவைத்திருக்கிறேன். பையன்கள் வாசித்தது வந்தால், அந்தப் பிளேட்டுக் கம்பெனிக்காரர் சொன்னது சரி, நான் உளியையும் வாளியையும் பிடிக்கத்தான் லாயக்கு, ஸ்டெல்லாவுக்கு நல்லபடியாக நாலு வரி எழுதிவிட்டு மறந்துவிடுவது. நாங்கள் வாசித்தது வந்தால், சனிக்கிழமை பஸ். இதில் அழுகையும் கிடையாது, யோசனையும் கிடையாது. மூன்று நாளாக யோசனை கிடையாது என்று யோசித்துக்கொண்டே மரம் வெட்டி, நேற்று ஒரு மரத்தில் பட்டைக்குக் கீழே கட்டை வரைக்கும் உளி இறங்கிவிட்டது. மண்டோர் பார்க்கவில்லை. மண்ணைக் குழைத்து அப்பிவிட்டு வந்தேன்.

ரிப்பனெட்ஸ் என்று பேர் வைத்தது ரோஸ்லின், ஸ்டெல்லாவின் தங்கச்சி, அவளுக்கு அப்போது பதினாறு வயசு, நாலு பேரும் ஒரே நிற ரிப்பன் கட்டவேண்டும் என்பது மட்டும்தான் அவளுடைய இசை அறிவு, அப்புறம்தான் கித்தார் கற்றுக்கொண்டாள். ஸ்டெல்லாவும் ஒரு கித்தார். கடைக்காரச் சீனர் மகள் ஆ மோய், நாலு கம்பி உள்ள பேஸ் கித்தார். நான் எப்படி உள்ளே போனேன் என்றால், பால் நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது காலி வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன், சும்மாதான், கை சும்மா இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஸ்டெல்லா சைக்கிளை நிறுத்தி, "இன்னொரு தடவை அடி" என்றாள். அடித்தேன். "இதை மூணு நிமிஷம் நிறுத்தாம அடிப்பியா?" "மூணு மணி நேரம் அடிப்பேன், அம்மா வந்து முதுகுல அடிக்கிற வரைக்கும்." பெரிய டிரம் பள்ளிக்கூடத்து அணிவகுப்பில் தோல் கிழிந்ததென்று தள்ளிவிட்டது, சின்னது ஈப்போவில் பழைய சாமான் கடையில் வாங்கினது, தாளத் தட்டு ரொட்டி டின்னின் மூடி. சேலை பெரிய டிரம்மின் கால் மிதியில் மாட்டிக்கொண்டதால் ஸ்டெல்லாவின் அம்மா எனக்கு ஸ்கர்ட் தைத்துக் கொடுத்தார், அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலில் நடந்த அன்றைக்குத் தோட்டமே வேலையை விட்டுவிட்டு என் முழங்காலைப் பார்த்தது. டிரஸர் வீட்டுப் பின்கட்டில்தான் ஒத்திகை. பக்கத்திலேயே பாலை உறையவைத்து ஷீட்டு போடுகிற ரப்பர் ஸ்டோர். ஸ்டோருக்கும் டிரஸர் வீட்டுக்கும் கரண்டு கொடுக்கிறது ஒரே இஞ்சின். அங்கே ரோலர் மிசினில் புதுசாக ஒரு ரப்பர் ஷீட்டைக் கொடுத்தால் போதும், பல்பு மங்கும், ஸ்டெல்லாவின் ஸ்பீக்கர் பெட்டி மூச்சை அடக்கிக்கொள்ளும், சரியாக ஒரு தட்டு நேரம். அப்புறம் திரும்ப வரும். முதலில் தடுமாறினோம், ஒருத்தி நிற்க ஒருத்தி போக, கந்தலாகும். அப்புறம் பழகிவிட்டது. மிசின் 'டுப்' என்று முக்கியதும் நாலு பேரும் ஒன்றாக நிற்பது, ஒரு தட்டை விட்டுவிடுவது, நான் சின்ன டிரம்மின் விளிம்புக் கட்டையில் 'டக் டக்' என்று இரண்டு தட்டிக் கூப்பிடுவது, எல்லாரும் உள்ளே வருவது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆ மோய்தான் சிரிப்பாள், "பவளம், மிசின் நம்ம அஞ்சாவது ஆளு லா." ஒரு நாள் ஒரே பாட்டில் நாலு தடவை முக்கியது. நான் குச்சியோடு எழுந்து போனேன், ஸ்டோர் வாசலில் நின்று, "யாருய்யா அது, உன் மிசினால எங்க பாட்டு சாவுது" என்றேன். உள்ளே கையெல்லாம் வெள்ளையாக ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க பாட்டால என் ஷீட்டு கோணலாப் போவுது, அதுக்கு என்ன சொல்றே?" ஏழு மாசம் கழித்துக் கல்யாணம் ஆயிற்று. அந்த மிசின்காரர்தான் வனஜாவின் அப்பா.

பாட்டைப் பிளேட்டில் பதியக் கோலாலம்பூருக்குப் போனது கல்யாணத்துக்கு அப்புறம். வயிற்றில் நாற்பது நாள், எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் பஸ்ஸில் வாந்தி வந்தபோது பஸ்ஸைக் குற்றம் சொன்னேன். பிளேட்டுக் கம்பெனி அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, கை தட்டினால் சத்தம் திரும்பி வராது, நம்மையே யாரோ விழுங்கின மாதிரி இருக்கும். எனக்கு அங்கே நல்ல டிரம், நிஜத் தாளத் தட்டு, நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வெங்கலம் எவ்வளவு குளிர்ச்சி. பாட்டு எங்களுடையதே, வார்த்தை நான் எழுதினது, தோட்டப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புத் தமிழ், 'வர்ற பஸ்ஸெல்லாம் நிக்குதம்மா, எனக்கு ஏறத்தான் தெரியல' என்று. இரண்டு சரணம் எண்ணெய் மாதிரி போயிற்று. மூன்றாவது சரணத்தில் ஸ்டெல்லா 'எனக்கு' என்றாள், அந்த நேரம் பார்த்து மேலே குளிர் மிசின் 'டுப்' என்று முக்கி ஓட ஆரம்பித்தது. நாலு பேரும் நின்றுவிட்டோம். அங்கே கரண்டு மங்கவில்லை, பெட்டி மூச்சை அடக்கவில்லை, நிற்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நின்றோம், ஒருத்தியை ஒருத்தி பார்க்கக்கூட இல்லை, நாலு பேருக்கும் ஒரே உடம்பு மாதிரி. நான் விளிம்பில் இரண்டு தட்டினேன். 'ஏறத்தான் தெரியல' என்று ஸ்டெல்லா இறங்கினாள், பாட்டு போயிற்று. முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அந்தக் கம்பெனிக்காரர் வந்தார். கோபமெல்லாம் இல்லை, அதுதான் இன்னும் மோசம், சிரித்துக்கொண்டே, "பாட்டு பரவால்ல. டிரம்தான் பொம்பளை அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். "பொம்பளைதானே அடிச்சேன்" என்றேன். ரோஸ்லின் என் காலை மிதித்தாள். இன்னொரு தடவை வாசிக்கிறோம் என்று கேட்டோம், நேரம் முடிந்துவிட்டது, வெளியே வேறு யாரோ காத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லாவை மட்டும் கூப்பிட்டார்கள், கம்பெனியில் எப்போதும் வாசிக்கிற பையன்களோடு பாடச் சொல்லி. போய்ப் பாடிவிட்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்கு வெல்லம் போட்டுக் காப்பி கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, வாந்திதான் வந்தது.

அப்புறம் வயிறு பெரிதாயிற்று, டிரம் எட்டவில்லை, கையை எவ்வளவு நீட்டினாலும் நடுவில் இவள் இருந்தாள். குச்சி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் எதுவும் சும்மா கிடக்கக்கூடாது எனக்கு. ஒன்றை இவளுடைய தொட்டிலுக்கு இடைக்கம்பாகக் கொடுத்தேன், சீலை சுருங்காமல் விரித்துப் பிடிக்க அளவெடுத்த மாதிரி இருந்தது, இதோ அந்தப் பன்னிரண்டாவது தொட்டிலில் இருக்கிறதே, அதுதான். இன்னொன்று சோப்புத் துணியைக் கிளற, அது ஒருபக்கம் வெளுத்தேவிட்டது. வருத்தம் என்று சொல்ல முடியாது. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், லயத்தில் கேட்டுப் பாருங்கள், பவளத்துக்கு என்ன குறை என்பார்கள். குறை இல்லை. ஆனால் வெட்டும்போது உளி பட்டையில் 'சர்ரக்' என்று இறங்கும், நான் அடுத்த மரத்துக்கு நடப்பேன், நாலு எட்டு, 'சர்ரக்', நாலு எட்டு, 'சர்ரக்', என்னை அறியாமல் மூன்றாவது எட்டில் காலை அழுத்தி வைப்பேன், தலைக்குள் ஸ்டெல்லாவின் கித்தார் உள்ளே வந்துவிடும், ஆ மோயின் கனத்த கம்பி அடிவயிற்றில் உறுமும். அப்புறம் மரம் தீர்ந்துவிடும். நிரைக் கடைசியில் ஒன்றுமே இருக்காது, கொசுதான் இருக்கும். ஆளில்லாத அந்தக் கடைசியில் நின்று நான் எதற்கு ஏங்குகிறேன் என்று எனக்கே சரியாகச் சொல்ல வராது. கைத்தட்டலுக்கு இல்லை. பத்திரிகையில் எங்கள் படம் வந்ததே, 'பாடும் சகோதரிகள்' என்று, நாங்கள் சகோதரிகளும் இல்லை, பாடினவள் ஒருத்திதான், படத்தில் மூன்று பேர்தான், நான் பின்னால் உட்கார்ந்திருந்ததால் என்னை வெட்டிவிட்டார்கள், ரொட்டி டின் மூடி மட்டும் ஓரத்தில் பாதி நிலா மாதிரி தெரிந்தது. அம்மா அந்த மூடியைக் காட்டி, "இதுதான் எங்க பவளம்" என்று லயம் முழுக்கச் சொன்னாள். சிரித்தேன். அதற்கெல்லாம் நான் ஏங்கவில்லை. நாலு பேரும் நிற்போமே, ஒன்றாக, அந்த ஒரு தட்டு நேரம். சத்தமே இல்லாமல், ஆனால் நாலு பேரும் உள்ளே எண்ணிக்கொண்டு, அடுத்தவளும் எண்ணுகிறாள் என்று தெரிந்துகொண்டு. அதைத்தான். கல்யாணத்தில், பிரசவத்தில், கோயிலில், வேறு எங்கேயும் எனக்கு அது கிடைத்ததில்லை. அதைப் போய் அவர் பொம்பளை அடித்த மாதிரி என்றார். ஒருவேளை நிஜமாகவே அது வெறும் தப்புதானோ. நாலு பட்டிக்காட்டுப் பெண்கள் மிசினுக்குப் பயந்து நின்றது, அவ்வளவுதானோ. பயம் அங்கேதான் போய்ப் போய் மாட்டுகிறது, பாவாடை முள்ளில் மாட்டுகிற மாதிரி, எடுத்துவிட்டு நடந்தால் அடுத்த அடியில் மறுபடியும்.

நேற்றுச் சாயங்காலம் அவரிடம் சொன்னேன், என் மிசின்காரரிடம். வனஜாவை மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை ஈப்போவுக்குப் போகலாமான்னு பாக்கறேன்." "போயேன்." "போன்னா அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகணும்." இன்னொரு நகத்தை வெட்டினார். "எனக்கு அரை நாள் ஷீட்டு வேலை இருக்கும். பிள்ளை?" பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நகம் வெட்டியைப் பிடித்து வாயில் வைக்கப் போனாள். "நாளைக்குப் பாட்டைக் கேளு மொதல்ல" என்றார். அவரும் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன், நான் போவதற்கா, போகாமல் இருப்பதற்கா, கேட்கவில்லை.

செய்தி முடிந்துவிட்டது. முடிந்தேவிட்டது, பச்சையக்கா, கையை ரேடியோ பக்கம் கொண்டுபோகாதே, போகாதே. "அணைச்சிரட்டா? பேட்டரி ரெண்டும் நேத்தே செத்துருச்சு, காலையில தகரத்து மேல வெயில்ல காய வச்சுத்தான் உயிரு குடுத்திருக்கேன்." "அக்கா, ஒரு பாட்டுக்கா. ஒண்ணே ஒண்ணு." "பாட்டுக்கு மயங்குற வயசா இது, பிள்ளைய மாத்திப் போடு, அது வெறும் மாரைச் சப்புது பாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா." தெரிந்துவிட்டது. மாற்றிப் போடுகிறேன், சிணுங்காதே, சிணுங்காதே என் தங்கம், இதோ, பிடித்துக்கொண்டாள். வலுவாக இழுக்கிறாள், பால் இறங்குவது முதுகுவரைக்கும் சுள்ளென்று இழுக்கிறது. தகரக் கூரையில் ஒரு துளி விழுந்தது. இரண்டு. மண்டோரே, நீங்கள் காது மந்தமான மனுஷர்தானே, உங்களுக்குக் கேட்கவில்லை. ரேடியோவில் ஒரு பெண் குரல், 'நேயர்களே, இப்பொழுது ஒரு புத்தம் புதிய துள்ளல் பாட்டு' என்கிறது, துள்ளலாம், சரி, சொல்லு, யார் வாசித்தது சொல்லு. சொல்லவில்லை. கித்தார் வந்துவிட்டது.

கித்தாரை வைத்து ஒன்றும் தெரியவில்லை. எல்லாக் கித்தாரும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் கொசு மாதிரித்தான் கேட்கிறது. டிரம் எங்கேயோ அடியில், அரிசிப் பானைக்குள் யாரோ தட்டுகிற மாதிரி, நன்றாக இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, நன்றாக இருப்பதால் பையன்களாக இருக்குமோ. ஸ்டெல்லாவின் குரல். அவளேதான், மூக்கில் கொஞ்சம் சிக்கின அந்தக் குரல். "அட, இது டிரஸர் மவ இல்ல?" பச்சையக்கா சட்டியை வைத்துவிட்டாள். நான் தலையை ஆட்டுகிறேன், வாய் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். முதல் சரணம். கை வனஜாவின் முதுகில் இருக்கிறது, விரல் தன் பாட்டுக்கு நடக்கிறது. ஒரு இடத்தில் டிரம் உருண்டு வருகிறது, இப்படி நான் உருட்டுவேனா, உருட்டுவேன், எல்லாரும்தான் உருட்டுவார்கள். இரண்டாவது சரணம். துளிகள் கூடுகின்றன, தகரம் தன் தாளத்தை இதற்குள் விடுகிறது, போ, நீ ஒருத்தன்தான் பாக்கி. வனஜா இழுத்து இழுத்துக் குடிக்கிறாள். மூன்றாவது. இதோ. 'வர்ற பஸ்ஸெல்லாம் நிக்குதம்மா', இங்கே நேராகப் போய்விட்டால் முடிந்தது, நேராகப் போனால் பையன்கள், நல்ல பையன்கள், மிசினைப் பார்க்காத பையன்கள், 'எனக்கு'

ஒன்றுமில்லை. ரேடியோவில் ஒன்றுமே இல்லை. என் கால் மேலே தூக்கினபடி நிற்கிறது. வனஜா குடிப்பதை நிறுத்திவிட்டு மாரை வாயில் வைத்தபடியே என் முகத்தைப் பார்க்கிறாள், நான் மூச்சு விடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் இரண்டு விரல் அவள் முதுகில் 'டக் டக்' என்று தட்டுகிறது, அதே தட்டில், அதே தட்டிலேயே, பெட்டிக்குள் இருந்து ஒரு விளிம்புக் கட்டை 'டக் டக்' என்கிறது, பச்சையக்கா அதே நேரத்தில் ரேடியோ மண்டையில் ஓங்கி ஒரு அடி அடிக்கிறாள், 'ஏறத்தான் தெரியல' என்று நாலு பேரும் உள்ளே வருகிறோம். "பாத்தியா, பேட்டரி சாவுது. ஒண்ணு போட்டாத்தான் பேசுது." என் கண்ணில் தண்ணீர், சிரிப்பும், மூக்கெல்லாம் ஒழுகுகிறது, துடைக்கக் கை இல்லை. அஞ்சு பேர்க்கா, நாலு இல்லை, இவளும் அங்கேதான் இருந்தாள், நாற்பது நாள் பிள்ளையாக. பாட்டு முடிகிறது, அந்தப் பெண் குரல் திரும்ப வருகிறது. 'பாடியவர் ஸ்டெல்லா. இசை, சார்லி தங்கராஜாவும் அவர்தம் இளைஞர் குழுவினரும்.' பிளேட்டில் அப்படித்தான் அச்சடித்திருப்பார்கள். பாட்டு எங்களுடையது, பேர் பையன்களுடையது. கோபப்பட நியாயமாக ஒரு நிமிஷமாவது வேண்டும், ஆனால் வெளியே தண்டவாளத்தில் அடிக்கிறார்கள், 'டங் டங் டங்', மழை அடி, ஓட வேண்டும். இந்த நாட்டில் எத்தனை வீட்டில் இப்போது எத்தனை பேர் ரேடியோவைத் தட்டியிருப்பார்கள். அது மிசினுக்காக விட்ட தட்டு என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர், நாங்கள் நாலு பேரும் ஒரு ரோலர் மிசின்காரரும். அவர் ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணியின் மேசை ரேடியோவில் கேட்டிருப்பார். அந்த நேரம் ஷீட்டைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார், எனக்குத் தெரியும்.

வனஜாவைப் பச்சையக்கா தோளில் போட்டுவிட்டு ரவிக்கையை மாட்டுகிறேன், கடிதம் கீழே விழுகிறது, எடுத்து மறுபடி சொருகுகிறேன். "அக்கா, சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் பிள்ளைய வச்சுக்கிறீங்களா? கஞ்சி கட்டிக் குடுத்துடறேன்." "சனிக்கிழமையா? எங்க போறே?" "ஈப்போவுக்கு." "ஐயய்யோ, யாரு செத்தா?" "யாரும் சாகலைக்கா." தொட்டிலின் முடிச்சைத் தளர்த்தி இடைக்கம்பை உருவுகிறேன், ஏழு மாசத்துச் சீலை வழுவழுப்பாக்கி வைத்திருக்கிறது, கைக்குள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சீலை சுருங்கிப் பை மாதிரி தொங்குகிறது. "ஏய், தொட்டில் கம்பை எங்கடி கொண்டுபோறே, பிள்ளை எதுல தூங்கும்?" "அடுப்பாண்ட விறகு கெடக்கு பாருங்க, அதுல நேரா ஒண்ணு பாத்துப் போடுங்கக்கா, பேட்டரி நாளைக்கு நான் புதுசா வாங்கியாறேன்" என்று கத்திக்கொண்டே, ஒரு கையில் வாளி, ஒரு கையில் குச்சி, மழைக்குள் ஓடுகிறேன்.